வயிற்றைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்தவருக்கு தைரொயிட் புற்றுநோய் வந்தால்: கவனிக்க வேண்டிய விடயங்கள்



இந்த இதழின் சுகாதாரப் பக்கத்தில், உடல் எடையைக் குறைப்பதற்காக வயிற்றில் சத்திரசிகிச்சை செய்த ஒருவர் பின்னர் தைரொயிட் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று பார்ப்போம். இப்படி இரண்டும் சேர்ந்து ஒருவருக்கு வருமோ என்று நீங்கள் நினைக்கலாம். வரும். இலங்கையில் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய்களில் தைரொயிட் புற்றுநோயும் ஒன்று. அதேபோல நீரிழிவு, எடை காரணமாகக் கொழும்பிலோ, இந்தியாவிலோ, வேலை செய்த மத்திய கிழக்கு நாட்டிலோ வயிற்று ஒப்பரேசன் செய்துகொண்டு இங்கே வந்தவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், ஒரு சிகிச்சை அங்கே நடந்தது, மற்றது இங்கே நடக்கிறது. அங்குள்ள றிப்போட்டுகள் வழியில் தொலைந்திருக்கும், அல்லது வீட்டிலேயே கிடக்கும். பிரித்தானிய வைத்தியருக்கு உங்கள் கழுத்தைத் தெரியும், உங்கள் வயிற்றைத் தெரியாது. அதை அவருக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

வயிற்று ஒப்பரேசன் செய்யாதவர்களும் வாசியுங்கோ. தைரொயிட் குளிசை எடுக்கும் எல்லோருக்கும் இதில் பாதி பொருந்தும்.

1. முதலில் இரண்டையும் விளங்கிக்கொள்வோம்

தைரொயிட் என்பது கழுத்தின் முன்பக்கத்தில், வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி. உடம்பின் சூடு, இதயத்துடிப்பு, சமிபாடு, ஞாபகசக்தி எல்லாவற்றின் வேகத்தையும் அது சுரக்கும் ஹோர்மோன்தான் நிர்ணயிக்கிறது. இங்கே வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை, சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுபவை. "புற்றுநோய்" என்ற சொல்லைக் கேட்டவுடன் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. சிகிச்சை பொதுவாக மூன்று படிகளில் நடக்கும். சுரப்பியின் ஒரு பகுதியை அல்லது முழுவதையும் அகற்றுதல், சிலருக்குக் கதிரியக்க அயடீன் கொடுத்தல், அதன் பின் ஹோர்மோன் குளிசை. சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டால் இந்தக் குளிசை வாழ்நாள் முழுவதும் தேவை. முடி கொட்டும் "கீமோ" சிகிச்சை இந்த நோய்க்கு வழமையாகக் கொடுக்கப்படுவதில்லை.

வயிற்று ஒப்பரேசனில் கூடுதலாகச் செய்யப்படுபவை இரண்டு வகை.

ஸ்லீவ்: இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றி, மிகுதியை ஒரு குழாய் போல ஆக்குவது. குடலில் கை வைப்பதில்லை.

பைபாஸ்: இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு முட்டை அளவான சிறு பையைப் பிரித்து, அதை நேரே குடலின் கீழ்ப்பகுதியுடன் தைப்பது. சாப்பாடும் மருந்தும் குடலின் முதற் பகுதியைத் தொடாமலே போய்விடும்.

நாம் விழுங்கும் குளிசை வயிற்றில் உள்ள அமிலத்தில் கரைந்து, குடல் வழியாக இரத்தத்தில் சேர வேண்டும். வயிறு சிறிதானால் அமிலமும் குறையும். குடலின் ஒரு பகுதி விடுபட்டால் உறிஞ்சும் இடமும் குறையும். ஆகவே வேறு ஒருவருக்குச் சரியாக வேலை செய்யும் அதே குளிசை, அதே அளவு, உங்களுக்குப் போதாமல் போகலாம். எடை குறையக் குறையத் தேவைப்படும் அளவும் குறையலாம். கூடுமா குறையுமா என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

2. வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை

ஜி.பி.யிடமும், வைத்தியசாலையிலும், பாமசியிலும் பின்வருவனவற்றைச் சொல்லுங்கோ.

– என்ன ஒப்பரேசன்: ஸ்லீவா, பைபாஸா, வேறு ஏதுமா? பெயர் தெரியாவிட்டால் "எடை குறைக்கும் ஒப்பரேசன்" என்றாவது சொல்லுங்கோ. தழும்புகளைக் காட்டுங்கோ.
– எந்த ஆண்டு, எந்த நாட்டில்.
– அதற்குப் பிறகு எடுத்த விற்றமின், இரும்பு, கல்சியம் குளிசைகள், பி12 ஊசி. நாட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு எத்தனை மாதம் இவை இல்லாமல் இருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கோ. இது முக்கியம்.
– தைரொயிட் சம்பந்தமாக அங்கே ஏதும் சிகிச்சை நடந்ததா என்பது.

ஊரில் யாராவது இருந்தால், ஒப்பரேசன் செய்த வைத்தியசாலையின் கடிதத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். இப்படி ஒருவரைத் தொடர்புகொள்வது அவருக்கு ஆபத்தாக இருக்கும் என்று நினைத்தால் செய்யாதேங்கோ. கடிதம் இல்லாவிட்டாலும் இங்குள்ள வைத்தியர்கள் ஸ்கான், இரத்தப் பரிசோதனை மூலம் நிறைய அறிந்துகொள்வார்கள்.

சிலருக்கு இதைச் சொல்ல வெட்கம். "சாப்பாட்டைக் குறைச்சிருக்கலாம்தானே" என்று ஆட்கள் நினைப்பார்கள் என்ற பயம். எங்கள் ஆலோசனை நேரத்துக்கு வந்த ஒரு தங்கச்சியின் கதை இது (விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன). தைரொயிட் அகற்றப்பட்டு எட்டு மாதமாகியும் உடம்பு குளிர், அலுப்பு, மறதி. குளிசையின் அளவை மூன்று தரம் கூட்டியும் இரத்தப் பரிசோதனை சரிவரவில்லை. குளிசையை ஒழுங்காக எடுக்கவில்லையோ என்று வைத்தியர் சந்தேகப்பட்டார். அவரோ ஒருநாளும் தவறவிட்டதில்லை. பைபாஸ் செய்ததை மட்டும் சொல்லவில்லை, ஏனென்றால் உரைபெயர்க்க வந்தவர் பக்கத்து வீட்டு அண்ணா. அடுத்த முறை வைத்தியசாலை ஒழுங்கு செய்த பெண் உரைபெயர்ப்பாளர் மூலம் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவருக்கு நீர் வடிவ மருந்து கொடுக்கப்பட்டது.

உரைபெயர்ப்பாளர் உங்கள் உரிமை, இலவசம். பெண் வேண்டும் என்றும் கேட்கலாம். பிள்ளைகளைக் கொண்டு உரைபெயர்ப்பிக்க வேண்டாம். அம்மாவுக்குப் புற்றுநோய் என்ற செய்தியைப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்த்துச் சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

3. தைரொக்சின் குளிசை: எப்போது, எப்படி?

இந்தக் குளிசையின் பெயர் லெவோதைரொக்சின். அளவில் மிகச் சிறியது, ஆனால் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகாத குணம் கொண்டது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீருடன் எடுக்க வேண்டும். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை சாப்பாடும் தேத்தண்ணியும் கோப்பியும் கூடாது. காலமை கண் முழிச்சவுடன் பால் தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் எங்களுக்கு இருக்கிறது. குளிசையை அந்தத் தேத்தண்ணியோடு விழுங்கினால் அதில் ஒரு பகுதி வீணாகிவிடும்.

கல்சியமும் இரும்புச்சத்தும் இந்தக் குளிசையைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். இவற்றுக்கும் தைரொக்சினுக்கும் இடையில் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். வயிற்று ஒப்பரேசன் செய்தவர் இந்த இரண்டையும் தினமும் எடுப்பவர் என்பதால் நேர அட்டவணை இல்லாமல் சமாளிக்க முடியாது. ஒரு மாதிரி அட்டவணை:

காலை 6 மணி: தைரொக்சின், வெறும் தண்ணீருடன்.
காலை 7 மணி: காலைச் சாப்பாடு.
காலை 10 மணிக்குப் பிறகு: கல்சியம்.
பிற்பகல்: இரும்புக் குளிசை. தேத்தண்ணியுடன் எடுக்க வேண்டாம், கல்சியத்திலிருந்தும் 2 மணி நேரம் தள்ளி எடுங்கோ.
இரவுச் சாப்பாட்டுடன்: பல விற்றமின்கள் சேர்ந்த குளிசை அல்லது அடுத்த கல்சியம்.

இதை உங்கள் பாமசிஸ்ற்றிடம் காட்டி, உங்கள் மருந்துகளுக்கு ஏற்ப மாற்றித் தரச் சொல்லுங்கோ. அப்பொயின்ற்மென்ற் இல்லாமல் போய்க் கேட்கலாம், பணம் இல்லை.

மேலும் சில குறிப்புகள்:

– வயிற்று எரிவுக்குக் கொடுக்கும் ஒமெப்ரசோல் போன்ற மருந்துகள் அமிலத்தைக் குறைப்பதால் தைரொக்சின் சேர்வதையும் குறைக்கலாம். அவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம், எடுப்பதை வைத்தியருக்குச் சொன்னால் போதும்.
– குளிசையின் அளவை மாற்றினால் 6 முதல் 8 கிழமைகளில் மீண்டும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அழைப்பு வராவிட்டால் நீங்களே கேளுங்கோ.
– ஒழுங்காக எடுத்தும் பரிசோதனை சரிவராவிட்டால் "நீர் வடிவில் தரலாமா?" என்று கேளுங்கோ. குளிசை வயிற்றில் கரைய வேண்டிய தேவை அதில் இல்லை.
– ஒவ்வொரு முறையும் வேறு கொம்பனியின் குளிசை வந்து, அதனால் உடம்பில் மாற்றம் தெரிந்தால், ஒரே கொம்பனியின் மருந்தைத் தரும்படி கேட்கலாம்.
– ஒருநாள் தவறினால் பயப்பிடாதேங்கோ, அடுத்த நாள் வழமைபோல எடுங்கோ. நாட்கணக்கில் நிறுத்துவதுதான் ஆபத்து. புற்றுநோய் வந்தவருக்கு இந்தக் குளிசை ஹோர்மோனை நிரப்புவதோடு, சிலருக்கு நோய் திரும்பி வளர்வதைத் தடுக்கவும் கொடுக்கப்படுகிறது.

4. கல்சியம்: அலட்சியம் செய்யக்கூடாதது

தைரொயிட்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு சிறிய சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இரத்தத்தில் கல்சியத்தின் அளவைப் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. தைரொயிட்டை முழுவதும் அகற்றும்போது இவை அதிர்ச்சி அடைந்து சில காலம் வேலை செய்யாமல் விடலாம். சிலருக்கு நிரந்தரமாகவே நின்றுபோகலாம்.

சாதாரணமாக ஒருவர் கல்சியம் குளிசை எடுத்துச் சமாளித்துவிடுவார். ஆனால் பைபாஸ் செய்தவருக்குக் கல்சியத்தை நன்றாக உறிஞ்சும் குடற்பகுதிதான் விடுபட்டுப் போயிருக்கிறது. ஒப்பரேசனுக்கு முன்பே அவருக்கு விற்றமின் டி குறைவாக இருக்கவும் கூடும். எனவே கல்சியம் மற்றவர்களை விடக் கீழே இறங்கலாம், ஏறுவதற்கும் நாள் எடுக்கலாம். கழுத்து ஒப்பரேசனுக்கு முன்னரே கல்சியம், விற்றமின் டி இரண்டையும் பரிசோதிக்கும்படி கேளுங்கோ. குறைவாக இருந்தால் முன்கூட்டியே சரிசெய்யலாம்.

இங்கே வழமையாகக் கொடுக்கப்படுவது கல்சியம் காபனேற் என்ற வகை. அது கரைய அமிலம் வேண்டும். கல்சியம் சிற்றேற் என்ற வகைக்கு அவ்வளவு அமிலம் தேவையில்லை. "எனக்கு எது பொருத்தம்?" என்று வைத்தியரிடம் கேளுங்கோ. ஒரே தடவையில் நிறைய எடுப்பதை விடப் பிரித்துப் பிரித்து எடுத்தால் உடம்பில் சேரும்.

கல்சியம் குறைவதன் அறிகுறிகள்: வாயைச் சுற்றி விறைப்பு, விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, கை கால் இழுத்துப் பிடித்தல். இவை தெரிந்தால் அதே நாளே வைத்தியசாலை தந்த இலக்கத்துக்கு அழையுங்கோ. அந்த இலக்கம் இல்லாவிட்டால் 111. கை விரல்கள் மடங்கி இறுகினால், மூச்செடுக்கக் கஷ்டமாக இருந்தால், வலிப்பு வந்தால், நெஞ்சு ஒழுங்கில்லாமல் அடித்தால் 999. இரண்டு இலக்கங்களும் இலவசம், "தமிழ்" என்று சொன்னால் உரைபெயர்ப்பாளரை இணைப்பார்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத விடயம் இது.

5. கதிரியக்க அயடீன்

எல்லோருக்கும் இது தேவைப்படாது. சிறிய, ஆபத்துக் குறைந்த கட்டிகளுக்கு ஒப்பரேசனே போதுமாக இருக்கலாம். தேவைப்பட்டால் கப்சூலாகவோ நீராகவோ ஒரு தடவை விழுங்கக் கொடுப்பார்கள். தைரொயிட் கலங்கள் அயடீனை இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை. அந்த அயடீனோடு சேர்ந்து போகும் கதிர், எஞ்சியிருக்கும் கலங்களை அழிக்கும்.

(அ) சிகிச்சைக்கு முந்திய சாப்பாடு. ஒன்று அல்லது இரண்டு கிழமைகளுக்கு அயடீன் குறைந்த உணவு சாப்பிடச் சொல்வார்கள். வைத்தியசாலை தரும் தாளில் ஆங்கிலச் சாப்பாடுதான் இருக்கும். எங்கள் குசினிக்கு ஏற்பச் சொல்வதானால், தவிர்க்க வேண்டியவை: மீன், இறால், நண்டு, கணவாய், கருவாடு, மாசிக் கருவாடு, கடற்பாசி, மீன் எண்ணெய்க் குளிசை. பால், தயிர், சீஸ், முட்டை மஞ்சட்கரு ஆகியவற்றையும் குறைக்க வேண்டும். உப்பைக் கவனியுங்கோ. இலங்கையில் 1995 முதல் சமையல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டம். தமிழ்க் கடைகளில் வாங்கும் இலங்கை, இந்திய உப்புப் பைக்கற்றுகளில் அயடீன் இருக்கும். பிரித்தானிய சுப்பர்மார்க்கெற்றில் விற்கும் சாதாரண உப்பில் பெரும்பாலும் இருக்காது. பைக்கற்றைப் பார்த்து வாங்குங்கோ.

இங்கேதான் வயிற்று ஒப்பரேசன் செய்தவருக்கு இடர்ப்பாடு. அவர் சாப்பிடுவது கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தில் நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் புரதம் பாலிலும் முட்டையிலும் மீனிலுமிருந்துதான் வருகிறது. அவை மூன்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் பலவீனமாகிவிடுவார். அதற்குப் பதிலாகக் கோழி, இறைச்சி, பருப்பு, கடலை, பயறு சாப்பிடலாம். சிகிச்சைத் திகதி தெரிந்தவுடன் டயற்றீசியனைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கோ. தினமும் எடுக்கும் விற்றமின் குளிசையிலும் அயடீன் இருக்கலாம். போத்தலோடு கொண்டுபோய்க் காட்டி, எத்தனை நாள் நிறுத்துவது என்று கேளுங்கோ.

(ஆ) ஊசியா, குளிசையை நிறுத்துவதா? அயடீன் நன்றாக வேலை செய்வதற்கு ஒன்றில் அடுத்தடுத்த இரண்டு நாட்கள் தைரொஜென் என்ற ஊசி போடுவார்கள், அல்லது தைரொக்சினைச் சில கிழமைகள் நிறுத்தச் சொல்வார்கள். ஊசி தசையில் போடப்படுவதால் வயிற்றைப் பற்றிய கவலை இல்லை. குளிசையை நிறுத்தினால் அந்தக் கிழமைகளில் அலுப்பும் மறதியும் மனச்சோர்வும் வரலாம். இது உங்கள் தஞ்சக் கோரிக்கையையும் பாதிக்கக்கூடியது. அதைப் பற்றிக் கீழே பார்ப்போம்.

(இ) விழுங்கிய பிறகு. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், கதிர் சிறுநீரோடு வெளியேறுவதற்காக. சிறிய வயிறு உள்ளவர் ஒரே மூச்சில் குடித்தால் சத்தி வரும். போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சில நிமிடத்துக்கு ஒரு மிடறு குடியுங்கோ. எச்சிற் சுரப்பிகளைப் பாதுகாக்கப் புளிப்பு இனிப்புகள் தந்தால் சீனியில்லாததைக் கேளுங்கோ. பைபாஸ் செய்தவருக்குச் சீனி படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். உங்களுக்கு அடிக்கடி சத்தி வருமென்றால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்கு மருந்து தருவார்கள்.

(ஈ) ஒரே அறையில் வாழ்பவர்கள். சிகிச்சைக்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட காலம் பிள்ளைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் இருந்து தள்ளி இருக்க வேண்டும், தனியே படுக்க வேண்டும். எத்தனை நாள் என்பது உங்களுக்குக் கொடுத்த அளவைப் பொறுத்தது, வைத்தியசாலை எழுதித் தரும். ஹொட்டேலில் ஒரே அறையில் குடும்பமாக இருப்பவர், பொதுவான குளியலறையைப் பாவிப்பவர், முன்பின் தெரியாதவரோடு அறையைப் பகிர்பவர் இதை எப்படிச் செய்வது? திகதி குறிக்கும்போதே உங்கள் இருப்பிடம் எப்படிப்பட்டது என்று சொல்லுங்கோ. எத்தனை பேர், எத்தனை கட்டில், கைக்குழந்தை உண்டா என்பதையும் சொல்லுங்கோ. வைத்தியசாலை உங்களைக் கூடுதல் நாள் வைத்திருக்கலாம், அல்லது தனி அறை தேவை என்று இருப்பிடம் தரும் கொம்பனிக்குக் கடிதம் எழுதலாம். கடிதம் இல்லாமல் நீங்கள் கேட்டால் நடப்பது கடினம்.

(உ) கர்ப்பம். இந்தச் சிகிச்சை கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படுவதில்லை. அதன் பிறகு பெண்கள் 6 மாதமும் ஆண்கள் 4 மாதமும் கர்ப்பத்தைத் தவிர்க்க வேண்டும். பைபாஸ் செய்த பெண்களுக்கு வாயால் எடுக்கும் கர்ப்பத்தடைக் குளிசை சரியாக வேலை செய்யாமல் போகலாம், ஆகவே ஊசி, லூப் போன்ற வேறு வழிகளைக் கேளுங்கோ. பாலூட்டும் தாய்மார் சிகிச்சைக்குக் குறைந்தது 8 கிழமைகளுக்கு முன் பாலூட்டலை நிறுத்த வேண்டும், அந்தக் குழந்தைக்கு மீண்டும் தொடங்கக் கூடாது. கேட்கும்போது மனம் கனக்கும். ஆனால் தாய்ப்பாலோடு கதிரும் குழந்தைக்குப் போகும் என்பதால்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

6. வேறு மருந்துகளில் கவனம்

நோவுக்கு: சுப்பர்மார்க்கெற்றில் கிடைக்கும் ஐபுப்ரொபென், ஊரில் பாவித்த டைக்ளோபெனக் போன்றவை பைபாஸ் செய்தவருக்கு இரைப்பையில் புண்ணை உண்டாக்கும். பரசிற்றமோல் எடுக்கலாம்.

முடிக்கு: எடை குறைந்தபின் முடி கொட்டுகிறது என்று பயோற்றின் குளிசை எடுப்பவர்கள் உண்டு. அதிக அளவு பயோற்றின் தைரொயிட் இரத்தப் பரிசோதனையைப் பிழையாகக் காட்ட வைக்கும். பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாட்களுக்கு முன் நிறுத்தி, எடுத்ததையும் சொல்லுங்கோ.

எடை குறைக்கும் ஊசிகள்: இப்போது பலர் இவற்றைப் போடுகிறார்கள். தைரொயிட் புற்றுநோய் வந்தவர் தன் வைத்தியரைக் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது. தெரிந்தவரிடம் வாங்கிப் போடவே கூடாது.

அலுப்புக்கு: எல்லா அலுப்பும் தைரொயிட்டால் வருவதில்லை. வயிற்று ஒப்பரேசனுக்குப் பிறகு இரும்பும் பி12 உம் குறைவதாலும் இதே அலுப்பு வரும். தைரொயிட் பரிசோதனையோடு இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கோ. பைபாஸ் செய்தவர்களுக்குப் பி12 வழமையாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊசியாகப் போடப்படும்.

7. சிகிச்சையும் தஞ்சக் கோரிக்கையும்

ஜி.பி.யில் பதிதல்: அடையாளப் பத்திரமோ முகவரிச் சான்றோ இல்லை என்பதற்காக உங்களைப் பதிய மறுக்கக் கூடாது.

செலவு: தஞ்சக் கோரிக்கை நடப்பில் உள்ளவருக்கு வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். இங்கிலாந்தில் மருந்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்றாலும், எச்.சி. 2 சான்றிதழ் இருந்தால் மருந்தும் இலவசம், வைத்தியசாலைக்குப் போய்வரும் பயணச் செலவையும் திரும்பப் பெறலாம். பஸ், ரெயின் ரிக்கற்றை எறிய வேண்டாம். சான்றிதழின் முடிவுத் திகதியைப் பாருங்கோ. இதைத் தவிர, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் ஜி.பி. மூலம் மருந்துக் கட்டண விலக்கு அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணமே இல்லை.

இடமாற்றம்: சிகிச்சையின் நடுவில் வேறு நகரத்துக்கு மாற்றுகிறோம் என்று கடிதம் வரலாம். உடனே வைத்தியசாலைத் தாதியிடமும் உங்கள் சொலிசிற்றரிடமும் எங்களிடமும் சொல்லுங்கோ. வைத்தியரின் கடிதத்துடன் மாற்றத்தைத் தள்ளிப்போடும்படி மைக்ரன்ற் ஹெல்ப் மூலம் கேட்கலாம் (0808 8010 503, இலவசம்). எப்படியும் போக வேண்டி வந்தால் ஒரு மாதத்துக்கான குளிசைகளும் வைத்தியசாலைக் கடிதங்களின் பிரதிகளும் கையில் இருக்கட்டும். புதிய இடத்தில் முதல் வேலை ஜி.பி.யில் பதிவது.

கையெழுத்து வைக்கும் நாள்: வைத்தியசாலையில் இருக்கும் நாளிலோ தள்ளி இருக்க வேண்டிய நாட்களிலோ அது வந்தால், முன்கூட்டியே கடிதத்தோடு அறிவிக்க வேண்டும். சும்மா போகாமல் விடக்கூடாது.

ஹோம் ஒபிஸ் நேர்முகம்: தைரொயிட் ஹோர்மோன் குறைந்திருக்கும்போது திகதிகள், பெயர்கள், நடந்தவற்றின் ஒழுங்கு எல்லாம் தடுமாறும். உங்கள் கோரிக்கையோ நீங்கள் சொல்லும் திகதிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதில் தங்கியிருக்கிறது. குளிசை நிறுத்தியிருக்கும் கிழமைகளில் நேர்முகம் வந்தால், ஞாபகம் பாதிக்கப்படும் என்று எழுதிய வைத்தியக் கடிதத்துடன் சொலிசிற்றர் மூலம் வேறு திகதி கேளுங்கோ. ஏற்கெனவே அந்த நிலையில் நேர்முகம் கொடுத்துவிட்டவர் அதையும் சொலிசிற்றருக்குச் சொல்ல வேண்டும்.

8. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: நோய் இருக்கிறது என்று தெரிந்தால் என் கேஸை மறுப்பார்களா?
பதில்: நோய் இருப்பது தஞ்சத்தை மறுப்பதற்கான காரணம் அல்ல. மறைப்பதால் உங்களுக்குத்தான் நட்டம்.

கேள்வி: சிகிச்சை நடக்கும்போது கேஸ் மறுக்கப்பட்டால் பாதியில் நிறுத்துவார்களா?
பதில்: கோரிக்கை நடப்பில் இருந்தபோது தொடங்கிய சிகிச்சை, அது முடியும் வரை இங்கிலாந்தில் இலவசமாகத் தொடரும். பில் வந்தால் கட்டுவதற்கோ கிழித்து எறிவதற்கோ முன் எங்களிடம் கொண்டு வாங்கோ.

கேள்வி: ஹொட்டேல் சாப்பாடு ஒத்துவரவில்லை. மூன்று நேரம்தான் தருகிறார்கள். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு நேரம் வேண்டும்.
பதில்: இது மருத்துவத் தேவை. ஜி.பி. அல்லது டயற்றீசியன் எழுதிய கடிதத்தை நிர்வாகத்திடம் கொடுங்கோ. ஒரு பிரதியை நீங்கள் வைத்திருங்கோ.

கேள்வி: தைரொயிட் போனதால் எடை திரும்ப ஏறுமா?
பதில்: குளிசையின் அளவு சரியாக இருந்தால் தைரொயிட் இல்லை என்ற காரணத்தால் மட்டும் பெரிதாக ஏறாது. ஏறினால் முதலில் இரத்தப் பரிசோதனை. எடையைக் குறைப்பதற்காகக் குளிசையைக் கூட்டி எடுக்கக் கூடாது, அது இதயத்தையும் எலும்பையும் பாதிக்கும்.

கேள்வி: மனதாறக் கதைக்க ஆள் இல்லை.
பதில்: மக்மிலன் என்ற புற்றுநோய் உதவி நிறுவனத்தை 0808 808 00 00 இல் இலவசமாக அழைக்கலாம், உரைபெயர்ப்பாளர் கேட்கலாம். எங்கள் அலுவலகத்துக்கும் வரலாம்.

வெட்டி எடுத்துப் பேர்சில் வைத்துக்கொள்ளுங்கோ

உரைபெயர்ப்பாளர் இல்லாத நேரத்தில் இப்படிச் சொல்லலாம்:

"ஐ ஹாட் வெயிற் லொஸ் சேர்ஜரி." (எனக்கு எடை குறைக்கும் சத்திரசிகிச்சை நடந்தது.)
"ஐ ஹாவ் தைரொயிட் கான்சர்." (எனக்குத் தைரொயிட் புற்றுநோய்.)
"மை ரப்லெற்ஸ் மே நொட் அப்சோர்ப் வெல்." (குளிசைகள் என் உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம்.)
"நோ ஐபுப்ரொபென் ப்ளீஸ்." (ஐபுப்ரொபென் வேண்டாம்.)
"ஐ நீட் எ ரமில் இன்ரப்ரிற்றர்." (தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவை.)

அதன் பின்பக்கத்தில் ஒப்பரேசன் செய்த ஆண்டையும், எடுக்கும் மருந்துகளையும், வைத்தியசாலைத் தாதியின் இலக்கத்தையும் உங்கள் கையால் எழுதுங்கோ. பெட்டி தொலைந்தாலும், போன் உடைந்தாலும், வேறு ஊருக்கு மாற்றினாலும் உங்கள் மருத்துவ விபரம் உங்களோடு இருக்க வேண்டும்.

இக்கட்டுரை பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்கள் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். கடிதம் விளங்காவிட்டால், படிவம் நிரப்ப வேண்டுமென்றால், அப்பொயின்ற்மென்ற்றுக்குக் கூட வர ஒரு ஆள் தேவையென்றால், வழமையான ஆலோசனை நாட்களில் வாங்கோ. எல்லாக் கடிதங்களையும் எடுத்து வாங்கோ. எது முக்கியம், எது இல்லை என்பதை வந்தபிறகு சேர்ந்திருந்து பார்ப்போம்.